சாவி வாங்கும் முன்பே வீடு வேண்டாம் என்றால், கொடுத்த பணம் யாருடையது?

போன வருடம் மே மாதம் என் சித்தி மகனுக்குத் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஒரு பிளாட் வாடகைக்குப் பிடித்தோம். டெக்னோபார்க்கில் வேலை, ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து தினமும் போய் வர முடியாது, களியக்காவிளையைத் தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்த நெரிசலில் காலையும் மாலையும் கிடந்தால் ஆள் ஒரு மாதத்தில் படுத்துவிடுவான். வாடகை 14,000. முதலில் போனிலேயே 5,000 டோக்கன் போட்டோம். அடுத்த வாரம் நேரில் போய் 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மீதி 37,000 கொடுத்தோம், ஆக 3 மாத வாடகை, 42,000. சாவி ஜூன் 1ஆம் தேதி, முதல் மாத வாடகையும் அன்றைக்கே என்று பேச்சு.

மே 22ஆம் தேதி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது: உங்களுக்குச் சென்னை அலுவலகம். அன்று மாலையே வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அவர் கத்தவெல்லாம் இல்லை, அமைதியாகத்தான் சொன்னார்: "மோனே, அட்வான்ஸ் திரிச்சு தரில்ல, எக்ரிமென்டில் எழுதியிட்டுண்டு." (அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.) எடுத்துப் பார்த்தால் உண்மைதான். 6 மாதத்துக்குள் வீட்டை விட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒரு வரி இருந்தது. சித்தி அழுதுவிட்டார். நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது.

அன்றிலிருந்து மூன்று வாரம் நான் இதைத் தோண்டினேன், தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவரிடம் மணிக்கணக்கில் கேட்டேன். இதே நிலையில் நிற்கிற பலருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். எனக்குப் புரிந்ததில் பெரிய விஷயம் ஒன்றுதான். நாம் கொடுக்கிற எல்லாப் பணத்தையும் "அட்வான்ஸ்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அச்சாரம் வேறு, பாதுகாப்புக்காக வைக்கிற வைப்புத்தொகை வேறு, முதல் மாத வாடகை வேறு, புரோக்கர் பணம் வேறு. குடியேறாமல் பின்வாங்கும்போது இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதி.

அதற்கு முன்னால் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழு விஷயமும் திரும்புகிற இடம் அதுதான், பலருக்கும் தெரியாததும் அதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 107ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்த பத்திரம் கட்டாயம். (சட்டத்தில் வீட்டு வாடகையும் குத்தகைதான்.) அதற்குக் குறைந்த காலம் என்றால் இரண்டு வழி: ஒன்று பதிவு செய்த பத்திரம், இல்லாவிட்டால் வாய்ப்பேச்சோடு வீட்டைக் கையில் ஒப்படைப்பது. எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவதே அந்த ஓராண்டுக் கணக்கில் சிக்காமல், பதிவுச் செலவு இல்லாமல் முடிக்கத்தான். சரி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, பதிவு செய்யவில்லை, சாவியும் வாங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? குத்தகை என்பது இன்னும் பிறக்கவே இல்லை. "உனக்கு வீடு தருகிறேன்", "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்ற இரண்டு வாக்குறுதிகள்தான் அந்தத் தாளில் இருக்கின்றன.

அப்படியானால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாமா என்றால், அதுவும் இல்லை. வாக்குறுதியை மீறினால் அதற்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் வித்தியாசம் பெரிது. சாவி வாங்கியவன் வாடகைக்குப் பொறுப்பு, வாங்காதவன் தன்னால் வந்த நஷ்டத்துக்கு மட்டும் பொறுப்பு. "நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், 11 மாத வாடகையும் கொடு" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அதே சட்டத்தின் 73ஆவது பிரிவு, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க நஷ்டப்பட்டவரிடம் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு மாதாமாதம் கணக்கு எழுத முடியாது, அவரும் வேறு ஆள் தேட வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டு மூன்று நாளுக்குள், ஒரு வாரத்துக்குள் மனம் மாறினால் முழுப் பணமும் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டு வாடகையில் அப்படி ஒரு சலுகை நாள் எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் மட்டும் உண்டு.

இப்போது பணத்தின் பெயர்களுக்கு வருகிறேன். அச்சாரம் என்ற சொல் எங்கள் ஊரிலும் உண்டு, மலையாளத்திலும் அதே சொல்தான், 1956 நவம்பர் 1 வரை எங்கள் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தன. மாடு வாங்கினாலும் மண் வாங்கினாலும் அச்சாரம் கொடுத்தவன் பின்வாங்கினால் அது போச்சு, வாங்கியவன் பின்வாங்கினால் திருப்பித் தரணும் என்பது பழைய வழக்கம். நீதிமன்றங்களும் இதைப் பெருமளவுக்கு ஏற்கின்றன, பேரம் உறுதி என்பதற்கு அடையாளமாகக் கொடுத்த, நியாயமான சிறு தொகை என்றால். உச்ச நீதிமன்றத்தில் 1963இல் தீர்ப்பான பத்தே சந்த் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். டில்லியில் ஒரு வீடு வாங்க 1,000 ரூபாய் அச்சாரமும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்தார் ஒருவர், வியாபாரம் முடியவில்லை, முழுத் தொகையையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 24,000ஐ எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

எங்கள் விஷயத்தில் அச்சாரம் என்று சொல்லத்தக்கது அந்த 5,000 டோக்கன் மட்டும்தான். அதையும் பிறகு அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்கள், அதனால் அதுகூட வைப்புத்தொகையின் பகுதிதான் என்று வாதாட இடமிருக்கிறது.

வைப்புத்தொகை எதற்காக? வாடகை பாக்கி வைத்தால், சுவரை உடைத்தால், கரண்ட் பில் கட்டாமல் போனால் பிடித்துக்கொள்ள. குடியே போகாதவன் எந்தச் சுவரை உடைத்தான்? இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாக்கியது வேறொரு வழக்கு, வீட்டோடு சம்பந்தமே இல்லாதது. மௌலா பக்ஷ் என்பவர் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்டு 10,000 ரூபாய் காப்புத்தொகை கட்டினார், கோழி, முட்டை, மீன் சப்ளைக்கு இன்னொரு ஒப்பந்தம், அதற்கு 8,500. ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை, தவறு அவர் மேல்தான். அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்து 18,500ஐயும் எடுத்துக்கொண்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இது அச்சாரம் இல்லை, காப்புத்தொகை, ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு பொருந்தும். உருளைக்கிழங்கையும் முட்டையையும் வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று அரசாங்கத்தால் காட்டியிருக்க முடியும், காட்டவில்லை, அதனால் பணத்தைத் திருப்பிக் கொடு. தப்பு செய்தவருக்கே திரும்பக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். நஷ்டத்தைக் கணக்குப் போட முடிகிற இடத்தில் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

74ஆவது பிரிவு சொல்வதும் அதுதான். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவு. எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த "அட்வான்ஸ் திரும்பாது" என்ற வரியும், இப்போதெல்லாம் ஐடி கம்பெனிகள் இருக்கிற பக்கத்தில் எழுதுகிற "லாக்-இன் 6 மாதம்" (6 மாதத்துக்குள் வீட்டை விடக் கூடாது) என்ற வரியும் இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவைதான். 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். டில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனைக்கு 78 லட்சம் ரூபாய் அச்சாரம் வாங்கியிருந்தது, பிறகு அதை எடுத்துக்கொண்டு அதே மனையை முதலில் பேசிய 3 கோடியே 12 லட்சத்துக்குப் பதில் 11 கோடியே 78 லட்சத்துக்கு மறு ஏலத்தில் விற்றது. அங்கே ஒப்பந்தத்தை மீறியது வாங்க வந்தவர் அல்ல, ஆணையம்தான் என்று நீதிமன்றம் கண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதோடு நிற்காமல், நஷ்டமே இல்லாத இடத்தில் 74ஆவது பிரிவின்படி இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னது.

முதல் மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்திருந்தால்? அது வீட்டில் இருப்பதற்கான பணம். வீடு சும்மா கிடந்த நாட்களுக்கு உரியதை வீட்டுக்காரர் நஷ்டமாகப் பிடிக்கலாம், அதே நாட்களுக்கு அட்வான்ஸிலும் ஒரு முறை, வாடகையிலும் ஒரு முறை பிடிக்க முடியாது. புரோக்கர் பணம் மட்டும் அநேகமாகப் போனதுதான், அவர் வீட்டைக் காட்டினார், பேசி முடித்தார், அவர் வேலை முடிந்தது.

இதுவரை சொன்னது பின்வாங்கியதற்குக் காரணம் நம் பக்கம் இருக்கும்போது. வேலை மாறியது, கல்யாணம் நின்றது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, இவை எவ்வளவு உண்மையான கஷ்டமாக இருந்தாலும் வீட்டுக்காரரின் தவறு இல்லை. ஆனால் காரணம் அவர் பக்கம் என்றால் கதை வேறு. கிணற்றுத் தண்ணீர் ஏப்ரலில் வற்றிவிடும், லாரித் தண்ணீர்தான் என்பதை மறைத்தார், கார் நிறுத்த இடம் உண்டு என்று சொல்லி இல்லை, சொன்ன தேதியில் பழைய ஆள் காலி செய்யவில்லை என்றால் முழுப் பணத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத பெரிய குறையை வீட்டுக்காரர் சொல்லியே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொல்கிறது. பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டமும் இடம் கொடுக்கிறது.

எல்லைப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு குழப்பம்: எந்த மாநிலத்துச் சட்டம்? நாம் மார்த்தாண்டத்துக்காரர்கள் என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் கூடவே வராது, வீடு எங்கே நிற்கிறதோ அந்த மண்ணின் வாடகைச் சட்டம்தான். நாகர்கோவிலில் வீடு என்றால் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது முக்கியமாக நியாய வாடகையையும் குடியிருப்பவரை எப்போது வெளியேற்றலாம் என்பதையும் பேசுகிற சட்டம், குடியே போகாதவனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் மேலே ஒப்பந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு பேசினேன், அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

மொழி விஷயமும் உண்டு. எங்கள் பிள்ளைகள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அங்கே வாடகைச்சீட்டு மலையாளத்தில் எழுதியிருந்தால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒரு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பி வாசிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள். எங்கள் ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, இருந்தும் அந்த ஒரு வரியை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒத்திக்கு எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கம் 3 லட்சம், 5 லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது சாதாரணம், திருவனந்தபுரத்தில் இதையே வீடு பணயத்துக்கு என்பார்கள். பெயர் வாடகை மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது கடன்தான்: நீங்கள் கடன் கொடுத்தவர், வட்டிக்குப் பதில் வீட்டில் இருக்கிறீர்கள். சட்டம் இதை அனுபவ அடமானம் என்ற வகையில் பார்க்கும், முறைப்படி செய்வதென்றால் பதிவு செய்ய வேண்டும், நடப்பில் பெரும்பாலும் வெறும் முத்திரைத்தாளில்தான் முடிக்கிறார்கள். குடியேறும் முன்பே மனம் மாறினால் அந்தப் பணத்தை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள ஒரு நியாயமும் இல்லை. ஆனால் சிக்கல் நியாயத்தில் இல்லை, பணம் அவர் கையில் இருக்காது. நீங்கள் கொடுத்த 5 லட்சத்தை அன்றைக்கே பழைய ஒத்திக்காரருக்குக் கொடுத்துத்தான் வீட்டைக் காலி செய்ய வைத்திருப்பார். நீங்கள் திருப்பிக் கேட்டால் அவர் அடுத்த ஒத்திக்காரரைத் தேட வேண்டும், அதற்கு இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். ஆகவே ஒத்தி என்றால் முழுப் பணத்தையும் சாவி கைக்கு வரும் அன்றுதான் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் சிறு அச்சாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிக்கூடச் சொல்வேன்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. வக்கீல் அண்ணன் முதலில் சொன்னது, நோட்டீஸ் அனுப்பாதே, நாளைக் கடத்தாதே, இன்றைக்கே எழுத்தில் சொல். வேண்டாம் என்பதை மே 22ஆம் தேதியே வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்பினோம், காரணத்தையும் கம்பெனி மெயிலையும் சேர்த்து. ஒவ்வொரு நாளும் அவர் நஷ்டம் ஏறும், அவர் நஷ்டம் ஏறினால் நம் பணம் குறையும், இதுதான் கணக்கு. அப்புறம் நாங்களே ஆள் தேடினோம். சித்தி மகனோடு படித்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் குழுக்களில் எல்லாம் பிளாட்டின் போட்டோவைப் போட்டோம். ஜூன் 16ஆம் தேதி ஒரு குடும்பம் குடி வந்தது. நஷ்டம் என்று பார்த்தால் ஜூன் 1 முதல் 15 வரை, அரை மாத வாடகை, 7,000.

நான் நேரில் போய், "சாரே, உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வேண்டாம், இந்த 7,000ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கொடுங்கள்" என்றேன். உருளைக்கிழங்கு வழக்கைப் பற்றியும் சொன்னேன், மிரட்டலாக இல்லை, அவருக்கும் தெரியட்டும் என்று. அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது: முந்தின வருடம் ஒரு ஆள் இதே மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மாதம் போனையே எடுக்கவில்லையாம், அதற்குப் பிறகுதான் அந்த வரியை எழுதச் சொன்னாராம். இரண்டு நாள் யோசித்துவிட்டு 35,000ஐக் கணக்கில் போட்டார்.

அவர் ஒத்துக்கொண்டிருக்காவிட்டால் அடுத்த வழி ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தக் குழுக்கள் தாலுகா அளவில் இருக்கின்றன. வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு மனு கொடுத்தால் இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 42,000 ரூபாய்க்குச் சிவில் வழக்குப் போட்டு நெய்யாற்றின்கரைக்கும் வஞ்சியூர் கோர்ட்டுக்கும் அலைவதைவிட இது எவ்வளவோ மேல். வழக்குத்தான் என்றாலும் பொதுவாக 3 வருடம் வரை அவகாசம் உண்டு, அதனால் முதல் வாரத்திலேயே பதறிப்போய்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள், இதைப் பணத் தகராறு, சிவில் விஷயம் என்றுதான் அங்கே சொல்லி அனுப்புவார்கள்.

பணம் வந்த மகிழ்ச்சியில் நாங்கள் மறக்கப் பார்த்த ஒன்றை வக்கீல் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். கையெழுத்துப் போட்ட அசல் ஒப்பந்தம் இன்னும் வீட்டுக்காரரிடம் இருந்தது, ஆதார் நகலும் இருந்தது. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். ஒப்பந்தத்தின் மேல் "இரு தரப்பும் சம்மதித்து ரத்து செய்தது, 7,000 பிடித்தம், 35,000 திருப்பித் தரப்பட்டது, வேறு பாக்கி இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவருக்கு ஒரு நகல், எங்களுக்கு ஒரு நகல். ஆதார் நகலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டில் கட்டன்சாயா குடித்துவிட்டுக் கிளம்பினோம்.